கழற்றிப் பூட்டும் கல்வி

முழுமையாக உருவான காரை வாங்கி ஓட்டுவோர் பலர். உதிரி உறுப்புகளாக வாங்கி, வீட்டுக் கொட்டகையில் தம் கையாலேயே பூட்டி ஓட்டுவோர் சிலர். இவ்வழக்கம் இங்கிலாந்தில் பெருகியதற்கு ஒரு வரியும் காரணமாயிற்று. 1957 இல் காலின் சாப்மன் என்பவரின் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்னும் சிறு காரை வெளியிட்டது. முழுக் காருக்கு அந்நாட்டில் கொள்முதல் வரி உண்டு; உதிரிகளாக வாங்கினால் அவ்வரி இல்லை. ஆயினும், பூட்டும் முறையை விளக்கும் குறிப்பை உடன் தரலாகாது என்பது விதி. ஆகவே, சாப்மன் காரைக் கழற்றும் முறையை எழுதித் தந்தார் என்றும், வாங்கியவர் அதனை இறுதியிலிருந்து படித்துப் பூட்டிக்கொண்டார் என்றும் கார்ப் பிரியர்கள் இன்றும் சொல்லி மகிழ்வர். 1973 இல் மதிப்புக்கூட்டு வரி வந்தபோது அச்சலுகை மறைந்தது.

ஆசிரியனாகிய என்னை இதில் கவர்ந்தது வரியன்று. கழற்றக் கற்றவன் பூட்டவும் கற்பான் என்னும் கல்வி நெறியே. இந்நெறியை சாப்மனுக்கு முன்பே வாழ்ந்து காட்டியவர் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974). அவர் பள்ளியில் பயின்றது சிறிதே. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மனம் பறிகொடுத்தார்; உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து, அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். அதனை உறுப்பு உறுப்பாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அதுவே அவருடைய பொறியியல் கல்லூரி. 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய அவர், 1952 இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய் மட்டுமே. ஆனால் உற்பத்திக்கு அரசின் உரிமம் கிட்டவில்லை. முயற்சி அத்துடன் நின்றது.

நாயுடுவை நான் அண்மையில் நினைவுகூரக் காரணமானவர் ஒரு தாயார். தீபாவளிக்கு முந்திய வாரம், மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை ஒன்றின் வாசலில் என்னைக் கண்டு நின்றார். அவர் மகன் என் பள்ளியில் பயின்றவன். இப்போது படிவம் மூன்றில் இருக்கிறான்.

"ஐயா, எந்நேரமும் அவங்க அப்பா மோட்டார் சைக்கிளைக் கழற்றிக்கிட்டே இருக்கான். தொழிற்கல்லூரிக்குத்தான் போவேன்னு அடம் பிடிக்கிறான். 'படிப்பு ஏறலையா'ன்னு சொந்தக்காரங்க கேட்கிறாங்க."

"கழற்றியதை மறுபடி பூட்டுகிறானா?" என்றேன்.

"பூட்டிடுறான் ஐயா. அதுலதான் அவங்க அப்பா தினமும் வேலைக்குப் போறாரு."

"அப்படியென்றால் உங்கள் வீட்டில் தினமும் ஒரு தேர்வு நடக்கிறது அம்மா. அவன் தேறிக்கொண்டே இருக்கிறான்."

அவர் சிரித்தார், ஆனால் கவலை முகத்தைவிட்டு நீங்கவில்லை. அக்கவலையை நான் குறை கூறேன். தோட்டத்தில் பால்வாளி சுமந்து கை காய்த்த தலைமுறையின் வழிவந்தவர் நாம். நம் பிள்ளையின் கையில் பேனாவைத் தவிர வேறெதையும் காண விரும்பாதது இயல்பே. எனினும் ஏவியதைச் செய்யும் கை வேறு. எண்ணிச் செய்யும் கை வேறு. ஸ்பேனர் பிடித்த சிறுவன், 'இது ஏன் ஓடவில்லை?' என்று தன்னையே வினவுகிறான். விடை சரியானால் இயந்திரம் ஓடும்; தவறானால் நிற்கும். அங்கே சலுகை மதிப்பெண் இல்லை.

கைத்திறன் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. சாப்மன் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொறியியல் பயின்றவரே. நாயுடுவின் காரோ, திறன் இருந்தும் உரிமம் இன்றி நின்றது. இன்றைய உலகம் திறனோடு சான்றிதழையும் கேட்கிறது. தொழிற்கல்லூரி அவ்விரண்டையும் ஒருங்கே தருமாயின், அதனைப் படிப்பு ஏறாதவன் ஒதுங்கும் இடமாக எண்ணுவது எவ்வகையில் நியாயம்?

கையில் எண்ணெய்க் கறையோடு வரும் பிள்ளையை, முதலில் கை கழுவச் சொல்வோம். பின்னர், இன்று எதைக் கழற்றினாய், எப்படிப் பூட்டினாய் என்று அருகமர்ந்து கேட்போம்.