உப்பும் ஓலையும்

ஜெர்மனியில் உள்ள ஹாலே நகரத்தின் சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் மார்க்ட் தேவாலயத்துக்கு நான்கு கோபுரங்கள்: இரண்டு ஒரு சாயல், இரண்டு வேறு சாயல். முன்பு அங்கே இரண்டு கோயில்கள் எதிரெதிரே இருந்தன. 1529இல் வேலை தொடங்கியபோது அவற்றின் கூடங்களை இடித்தார்கள். கோபுரங்களில் கை வைக்கவில்லை. இடையில் புதுக்கூடம் எழுப்பி நான்கையும் ஒரே கோயிலாக்கிவிட்டார்கள். எதையும் எளிதில் கைவிடாத ஊர் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஊரை வளர்த்தது உப்பு. சாலே நதியோரத்து ஊற்றுக் கிணறுகளிலிருந்து உவர்நீரை இறைத்து, அகன்ற தட்டுகளில் காய்ச்சி எடுத்தார்கள். காய்ச்சியவர்களுக்கு ஹல்லோரன் என்று பெயர். வெள்ளிப் பொத்தான் வைத்த அங்கியும் தனிச் சங்கமும் உண்டு. புத்தாண்டுக்கு பிரஷ்ய அரசரிடம் உப்பும், உவர்நீரில் வெந்த முட்டையும் கொண்டுபோகும் உரிமை அவர்களுடையதாக இருந்தது.

அந்த ஊரின் வாசலில், கிளௌகா என்ற ஏழைப் புறநகருக்கு 1692இல் போதகராக வந்தவர் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே. 1695இல் அவர் வீட்டு உண்டியலில் யாரோ நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் போட்டிருந்தார்கள். அதைக் கொண்டு புத்தகம் வாங்கி, ஒரு மாணவரை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் அநாதை இல்லம், மருந்துக்கடை, அச்சகம் என்று ஒரு தனி ஊரே எழுந்தது.

தரங்கம்பாடிக்கு இங்கிருந்துதான் வழி. 1706இல் டென்மார்க் அரசர் அனுப்பி அங்கே இறங்கிய சமயப் போதகர் சீகன்பால்கு, ஃபிராங்கேயின் வட்டத்தைச் சேர்ந்தவர். தமிழ் எழுத்தின் வரிவடிவங்கள் ஹாலேக்குப் போயின. தமிழே அறியாத கைகள் அங்கே சுழியையும் கொம்பையும் பார்த்துப் பார்த்து வெட்டி அச்செழுத்து வார்த்தன. 1713இல் அவை கப்பலேறி வந்து சேர்ந்தன. எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக இருந்தது, காகிதத்தை விழுங்கியது. அதனால் புதிய ஏற்பாட்டின் முற்பகுதி 1714இல் ஹாலே எழுத்திலும், மிச்சம் அடுத்த ஆண்டு தமிழ் மண்ணிலேயே வார்த்த சிற்றெழுத்திலும் அச்சேறின. முதல் முயற்சியின் அந்தப் பெரிய எழுத்துகளிடம் ஒரு தனிப் பாசம் வரத்தான் செய்கிறது.

போன சரக்குக்கு ஈடாக ஹாலேக்குத் திரும்பி வந்தவை ஓலைகளும் கடிதங்களும். சீகன்பால்கு 1708இல் தாம் சேர்த்த தமிழ் நூல்களுக்குப் பட்டியலே போட்டார். குறளும் அதில் இருக்கிறது. 1713இல் தமிழர் தெய்வங்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதி அனுப்பினார். ஊர்க்காரர்களிடம் கேட்டு, அவர்கள் எழுதித் தந்த பதில்களையும் சேர்த்து எழுதியது. சமயத்தை மாற்றப் போனவர் அதையே விவரித்து எழுதியது ஃபிராங்கேக்கு உவப்பாக இல்லை. அச்சுக்குக் கொடுக்க மறுத்தார். சீகன்பால்குவின் பெயர் தாங்கி அந்த நூல் வெளிவர 1867 ஆயிற்று, அதுவும் சென்னையில். ஃபிராங்கே செய்தது பெரும் பிழை. தமிழரின் சொற்களையே ஆதாரமாகக் கொண்ட அந்த நூலை ஐரோப்பா அப்போதே படித்திருக்க வேண்டும்.

ஆனால் ஊர் எதையும் எறியவில்லை. அநாதை இல்லத்தின் மேல்மாடத்தில் உள்ள அதிசயப் பொருள்களின் அறையில் இன்றும் கூரையிலிருந்து முதலை தொங்குகிறது. சிப்பி இருக்கும் அலமாரியின் நெற்றியில் சிப்பி ஓவியம். ஒவ்வோர் அலமாரிக்கும் உள்ளிருக்கும் பொருளே முகப்புச் சித்திரம். 1730களில் கிருண்ட்லர் என்ற ஓவியர் தொடங்கிய ஏற்பாடு அது.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை நெருங்கியபோது, லுக்னர் பிரபு முதலியோர் பேசிப் பேசி ஊரைப் பேரழிவிலிருந்து காத்தார்கள். குண்டு விட்டுவைத்ததைப் பின்வந்த நாற்பது ஆண்டுப் புறக்கணிப்பு அரித்தது. 1964இல் உப்பாலை மூடியது. அதே ஆண்டு நதிக்கு மறுகரையில் ரசாயனத் தொழிலாளருக்காக ஹாலே நொய்ஷ்டட் என்ற அடுக்குமாடி நகரம் கால்கோள் கண்டது. பழைய வீடுகளின் கூரை ஒழுகியது. அந்தப் புதுநகரத்துக்குப் போகும் மேம்பாலத்தை ஃபிராங்கேயின் கட்டடங்களை உரசினாற்போல் போட்டார்கள். 1990க்குப் பிறகு நூலகவியல் அறிஞர் பால் ராபே முன்னின்று கட்டடங்களை ஒவ்வொன்றாக மீட்டெடுத்தார். மேம்பாலம் இன்னும் நிற்கிறது. இடிக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று ஊரார் பல ஆண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள்.