தவழும் பிள்ளையோடு கடலோரத்தில்

வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கடல் என்றதும் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, வேன் அமர்த்திக்கொண்டு வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் செல்வது. மற்றொன்று, மாமல்லபுரம், கோவளம், மெரினா மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்புவது. இரண்டிலும் கூட்டமும் ஓட்டமும் மிகுதி. கைக்குழந்தை உள்ளவர்களைப் பார்த்து, “பிள்ளை கொஞ்சம் வளரட்டும், பிறகு போகலாம்” என்பார்கள் பெரியவர்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை தவழும் காலமே கடலோரம் நடப்பதற்கு ஏற்ற காலம் என்பது என் எண்ணம். காரணத்தைச் சொல்கிறேன்.

என் தங்கை மகன் பாகாயத்தில் குடியிருக்கிறான். ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். அவன் மனைவி செவிலி. இரவுப் பணியும் பகற்பணியும் மாறி மாறி வரும். அவர்களுக்கு ஒன்பது மாதப் பெண் குழந்தை. அவள் கண் விழிக்குமுன் தகப்பன் பேருந்து ஏறிவிடுவான்; அவன் திரும்பும்போது அவள் உறங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆசையோடு தூக்கினால் வீறிட்டு அழுது பாட்டியிடம் தாவுவாள். “என் பிள்ளைக்கு நான் விருந்தாளி, சாமி மாமா” என்று சிரித்துக்கொண்டே ஒருநாள் சொன்னான். அந்தச் சிரிப்பு கண்களுக்கு எட்டவில்லை. தோலையும் காலணியையும் நம்பி வாழும் நம் பகுதியில் இவனைப் போன்ற தகப்பன்மார் எத்தனை பேர் என்பதை வாசகர்களே அறிவீர்கள்.

மாசி மாதத்து வார இறுதி ஒன்றில் இருவருக்கும் சேர்ந்தாற்போல விடுப்புக் கிடைத்தது. உதவிப் பங்குத் தந்தை ஞாயிறு திருப்பலிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டதால் நானும் உடன் சென்றேன். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சேர்ந்து, எளிய விடுதி ஒன்றில் தங்கினோம்.

கடற்கரைக் கோயிலைப் பார்க்காமல் வருவது எப்படி என்று மருமகன் பரபரத்தான். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பியது. 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது. பார்க்க வேண்டியதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒன்பது மாதக் குழந்தைக்குப் பல்லவரும் ஒன்றே, மணலில் கிடக்கும் அறுந்த வலைக்கயிறும் ஒன்றே. அவள் தேர்ந்துகொண்டது கயிற்றை.

மாலை நாலரை மணிக்குமேல் நடக்கத் தொடங்கினோம். குழந்தையோடு நடப்பதில் ஒரு நுட்பம் உண்டு. மேலே உள்ள உலர்ந்த மணலில் கால் புதையும். இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பவர் பத்தடிக்குள் களைத்துப் போவார். அலை வந்து மீண்ட ஈரமணலோ பாய்போல் இறுகியிருக்கும். மணிகளுக்கு இடையே தங்கிய நீர் அவற்றைப் பற்றி நிறுத்துகிறது. ஆனால் சோழமண்டலக் கரையில் அலைக்கு மிக அருகில் போதல் ஆகாது. கரை சட்டென்று சரியும், நீரோட்டம் வலியது. 2004 டிசம்பர் 26 அன்று இக்கடல் செய்ததை இக்கரையில் யாரும் மறக்கவில்லை. கடலுக்கு முதுகு காட்டாமல், அலையின் எல்லைக்குச் சற்று மேலே நடந்தோம்.

குழந்தையை மணலில் இறக்கியபோது இரு கால்களையும் மடக்கித் தூக்கிக்கொண்டாள். மணல் ஆகாது என்பது அவள் முதல் தீர்ப்பு. சிறிது நேரத்தில் ஒரு பெருவிரலை ஊன்றினாள், பிறகு பாதம். அப்புறம் ஒரு பிடி மணல் நேரே வாய்க்குப் போயிற்று! தாய் பதறினாள். துணியால் துடைத்துத் தண்ணீர் கொடுத்தோம், அவ்வளவே.

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் ஒன்பதாம் மாதத்தைச் சப்பாணிப் பருவம் என்றனர். பிள்ளை கைகொட்டி மகிழும் பருவம். புத்தகத்தில் படித்திருந்தேனே தவிர, அங்கேதான் கண்ணால் கண்டேன். மணல் வளையிலிருந்து நண்டு ஒன்று வெளியே ஓடி, நின்று, மறுபடி உள்ளே மறைந்தது. உடனே கை கொட்டினாள். ஒரே வளையின் முன் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மருமகனின் கைப்பேசி முதலில் ஓயாமல் படம் எடுத்தது. பின்னர் மனைவி அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். நல்ல காரியம் செய்தாள் என்பேன்.

நடை என்று சொன்னேனே, நாங்கள் நடந்த தொலைவு அரைக் கிலோமீட்டருக்குமேல் இராது. தவழும் பிள்ளையின் வேகத்தில் போனால்தான் கரை தன்னைக் காட்டுகிறது. ஊதாப் பூவோடு அடும்பங்கொடி மணல்மேட்டில் படர்ந்திருந்தது. அதன் பிளந்த இலையை மானின் அடியோடு ஒப்பிட்டுச் சங்கப் புலவர் பாடியிருக்கிறார். எத்தனையோ முறை இக்கரைக்கு வந்திருக்கிறேன். குனிந்து அந்த இலையைப் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் விடியலில் தெற்கே சதுரங்கப்பட்டினம் போனோம். டச்சுக்காரர் கட்டிய பழைய கோட்டை கடலோரத்தில் சிதைந்து நிற்கும் ஊர். அங்கே மணலில் நின்றபோது, “இன்னும் சற்றுத் தெற்கே, வயலூர்ப் பக்கம்தான் நம் பாலாறு கடலில் கலக்கிறது” என்றேன். மருமகன் வியந்து போனான். கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் எல்லாம் கடந்து வரும் ஆறு. பெரும்பாலும் வெறும் மணலாகவே அதை நாம் பார்க்கிறோம். 2021 நவம்பரில்தான் பலர் இருகரை தொட்டு ஓடக் கண்டோம். பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பிடுகிறோம். அந்த உப்பும் பிற கழிவுகளும் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. “உப்பு கடலில் இருந்து நம் ஊருக்கு வருகிறது, நாம் அதை ஆற்றில் விடுகிறோம்” என்றான் அவன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது ஓர் அலை சற்று மேலேறி வந்து அவன் கணுக்காலை நனைத்தது. குனிந்து நீரைத் தொட்ட கையோடு மகளிடம் வந்தான். அவள் அந்த விரலைப் பிடித்து வாயில் வைத்தாள். உப்புக் கரித்ததும் முகத்தைச் சுளித்தாள். கண்ணை இறுக மூடித் திறந்தாள். மறுபடியும் விரலை இழுத்தாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். இரண்டு கைகளையும் அவனை நோக்கி நீட்டினாள். தாயும் நானும் சும்மா நின்றோம். அவன் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டவன் பேருந்து வரும்வரை இறக்கவில்லை.

ஓரிரு நாளில் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல் இருட்டோடு பேருந்து வந்தது, அவனும் ஏறினான். ஆனால் அடுத்த ஞாயிறு அவன் தூக்கியபோது அவள் அழவில்லை என்று தங்கை சொல்லியனுப்பினாள். இப்போது மாலைப் பணி முடிந்து சீக்கிரம் வரும் நாட்களில் பாகாயத்துச் சாலையில் அவளைத் தூக்கிக்கொண்டு மலையைக் காட்டுகிறானாம்.

போக விரும்பும் பெற்றோருக்குச் சில சொற்கள். தை, மாசி மாதங்கள் நல்லவை. ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். மழையும் புயலும் வரும் காலம். காலை எட்டு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். தொப்பி, பருத்தி உடை, கொதித்து ஆறிய தண்ணீர், இரண்டு பழைய வேட்டித் துண்டுகள் போதும். தள்ளுவண்டி மணலில் உருளாது. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.