வெள்ளி விளைந்த ஊரில் சூரியத் தகடுகள்

ஜெர்மனியின் சாக்ஸனி மாநிலத்தில், டிரெஸ்டனிலிருந்து ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும் சின்ன ஊர் ஃப்ரைபெர்க். 1168இல் இந்த மண்ணில் வெள்ளி தட்டுப்பட்டது. ஊரே அதன்மேல்தான் எழுந்தது. மேல் சந்தைத் திடலின் நடுவே, சிங்கங்கள் சூழ்ந்த நீரூற்றின்மேல் ஓட்டோ என்ற சிற்றரசனின் சிலை நிற்கிறது. இங்கே எடுத்த வெள்ளியால் ‘செல்வந்தன்’ என்ற பட்டம் அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கருங்கல் பாவிய அந்தத் திடலில் நடக்கும்போதெல்லாம் காலுக்கடியில் எண்ணூறு ஆண்டுச் சுரங்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன என்ற நினைப்பு விடவே இல்லை. கடைசிச் சுரங்கத்தை 1969இல் மூடினார்கள்.

நான் பெங்களூரு காக்ஸ் டவுன்காரன். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு கால் கோலார் தங்கவயலில் இருக்கும். பெங்களூரு ஈஸ்ட் ஸ்டேஷன் வழியாகப் போகும் மாரிக்குப்பம் ரயில்தான் இரண்டு ஊரையும் கட்டி வைத்திருந்தது. என் தாத்தா சாம்பியன் ரீஃபில் இறங்கி வேலை செய்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. பாறையே கொதிக்கும். ஃப்ரைபெர்க்கில் ரைஹே ட்செஹே சுரங்கத்தில் பார்வையாளர்களைத் தலைக்கவசமும் விளக்கும் கொடுத்து 150 மீட்டர் ஆழத்துக்கு இறக்குகிறார்கள். அங்கே குளிர் எலும்பைத் தொடுகிறது. ஆனால் ஈரப் பாறையின் வாசனையைப் பற்றித் தாத்தா சொன்னது அத்தனையும் அந்தக் கூண்டு இறங்கும்போது எனக்குப் புரிந்தது.

சுரங்கம் பார்க்க மட்டும் நான் இவ்வளவு தூரம் வரவில்லை. ஆயுள் முடிந்த சோலார் பேனலைப் பிரித்து, உள்ளே இருக்கும் செல்லை உடையாமல் வெளியே எடுத்த ஊர் இது.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது பேனலின் கட்டுமானம் தெரிந்தால்தான் விளங்கும். மேலே பதப்படுத்திய கண்ணாடி, அடியில் பிளாஸ்டிக் தாள், நடுவில் சிலிக்கான் தகட்டில் செய்த, மின்சாரம் தரும் செல்கள். செல்லுக்கு இரு பக்கமும் ஈவிஏ என்னும் பிளாஸ்டிக் படலம் வைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, ஏறத்தாழ 150 டிகிரி சூட்டில் அழுத்திவிடுகிறார்கள். ஒருமுறை இறுகிய ஈவிஏ திரும்பச் சூடாக்கினாலும் மெழுகாக உருகாது. இருபத்தைந்து வருடம் மழையும் வெயிலும் உள்ளே புகக் கூடாதென்று செய்த பொருள், பிரிக்க வரும் நம் கைக்கும் வழிவிடுவதில்லை. அதிலும் செல் சுட்ட அப்பளம்போல; லேசாக வளைத்தால் நொறுங்கிவிடும்.

காக்ஸ் டவுனையொட்டி ஜீவனஹள்ளிப் பக்கம் ஒரு குஜரிக் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், பேனல் பிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அலுமினியச் சட்டத்தை நெம்பிக் கழற்றினார்கள், பின்பக்க டப்பாவிலிருந்து ஒயரை அறுத்தார்கள், மிச்சத்தைச் சுத்தியலால் அடித்து மூட்டை கட்டினார்கள். “கண்ணாடிய யாருண்ணா வாங்கறாங்க? அலுமினியமும் காப்பரும்தான் காசு” என்றார் கடைக்காரர். அவர் பிழைப்புக்கு அவர் கணக்கு சரி. ஆனால் அந்த மூட்டையில் மெல்லிய வெள்ளிக் கோடுகளும், மிகத் தூய சிலிக்கானும், பற்றவைப்பில் ஈயமும் இருந்தன. வெள்ளியும் சிலிக்கானும் வீண், ஈயம் மண்ணுக்கு.

ஃப்ரைபெர்க்குக்கு வருவோம். வெள்ளி வற்றினாலும் இந்த ஊரின் அறிவு வற்றவில்லை. 1765இல் தொடங்கிய சுரங்கக் கல்லூரி இன்றும் நடக்கிறது. 1886இல் கிளெமென்ஸ் விங்க்ளர் ஜெர்மானியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தது இங்கேதான், இவ்வூர்ப் பக்கத்துச் சுரங்கத்துக் கனிமம் ஒன்றிலிருந்து. பிற்பாடு சிலிக்கான் தகடு செய்யும் தொழில் ஊருக்கு வந்தது. அப்படி வந்த நிறுவனங்களில் ஒன்று டாய்ச்ச சோலார். 2000களின் தொடக்கத்தில் அவர்கள் பழைய பேனல்களுக்கென்று ஒரு சோதனை ஆலை அமைத்தார்கள்.

வடகடலில் பெல்வோர்ம் என்று ஒரு தீவு. 1983இல் அங்கே 300 கிலோவாட் சூரிய மின்நிலையம் நிறுவினார்கள். அந்நாளில் ஐரோப்பாவிலேயே பெரியது. உப்புக் காற்றில் 23 வருடம் நின்ற அந்தப் பேனல்கள் ஃப்ரைபெர்க் உலைக்கு வந்தன. சுமார் 600 டிகிரியில் பிளாஸ்டிக் எரிந்து வாயுவாகப் போனது. அந்த வாயுவையும் சுத்தம் செய்துதான் வெளியே விட்டார்கள். உலையிலிருந்து வந்தவற்றில் கண்ணாடி, உலோகம், செல் என்று மனிதர்கள் கையால் பிரித்தார்கள். முழுதாய்த் தப்பிய செல்களை அமிலக் குளியலில் இறக்கி வெள்ளிக் கோடு, நிறப்பூச்சு, மேலடுக்கு எல்லாவற்றையும் கழுவி, மறுபடி வெறும் தகடாக்கினார்கள். அந்தத் தகட்டில் செய்த செல், புதுத் தகட்டில் செய்ததற்கு ஈடாக மின்சாரம் தந்தது.

இதைப் படித்த நாள் முதல் எனக்கு இந்த ஊர்மேல் ஒரு பக்தி. குவார்ட்ஸ் கல்லை ஏறத்தாழ 2000 டிகிரி உலையில் இட்டுச் சிலிக்கான் எடுத்து, தூய்மையாக்கி, மறுபடி உருக்கிப் பாளமாக்கி, மெல்லிசாக அறுத்துச் செய்யும் தகடு அது. செல்லை உடைத்தால் அவ்வளவு நெருப்பும் வீண். முழுதாய் எடுத்தால் அது அப்படியே மிஞ்சும்.

பிறகு ஏன் எல்லோரும் இப்படிச் செய்வதில்லை? செல் மெலிந்துவிட்டது. பெல்வோர்ம் காலத்துச் செல் இன்றையதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் தடிப்பு. இன்று ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட இருப்பது அரிது. உலைச் சூட்டில் விரிசல் விழுந்துவிடுகிறது. அதனால் வழிகள் மாறின. ஜப்பானின் என்பிசி நிறுவனம் சுமார் 300 டிகிரிக்குச் சூடேற்றிய நீளக் கத்தியைக் கண்ணாடிக்கும் செல்லுக்கும் நடுவே செலுத்தி, கண்ணாடியை உடையாமல் பிரிக்கிறது. ஜெர்மனியின் ஃப்ரௌன்ஹோஃபர் ஆய்வு நிலையம் 2022இல் நொறுங்கிய செல்துண்டுகளைச் சுத்திகரித்து உருக்கி, முழுக்க மறுசுழற்சிச் சிலிக்கானாலேயே 19.7 சதவீதத் திறனுள்ள செல்லைச் செய்து காட்டியது. செல் முழுதாய்க் கிடைக்காவிட்டாலும் சிலிக்கான் தூய்மை கெடாமல் கிடைத்தால் போதும் என்பது இன்றைய நிலை. கண்ணாடித்தூளோடு கலந்து நொறுக்கிவிட்டால் அதுவும் போச்சு.

நம் பக்கம் இது தூரத்துச் செய்தி இல்லை. காக்ஸ் டவுனிலிருந்து ஒரே நாளில் போய்வரும் தூரத்தில், துமகூரு மாவட்டத்துப் பாவகடாவில், 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் பேனல்கள் நிற்கின்றன. ராமநாதபுரம் கமுதியில் 648 மெகாவாட். டெல்லியின் சிஇஇடபிள்யூ ஆய்வமைப்பின் கணக்குப்படி, 2023 வரை நிறுவிய பேனல்களிலிருந்து மட்டும் 2030க்குள் இந்தியாவில் சேரும் சோலார் கழிவு 3,40,000 டன் ஆகும். அதில் பெரும்பங்கு வரப்போகும் ஐந்து மாநிலங்களில் கர்நாடகமும் தமிழ்நாடும் உண்டு. 2022ஆம் ஆண்டு மின்கழிவு விதிகள் சோலார் பேனலையும் சேர்த்துக்கொண்டன. 2034-35 வரை வரும் கழிவைத் தயாரிப்பாளர்கள் சேமித்து வைக்க வேண்டும் என்கின்றன. சேமித்து வைத்தால் போதாது. ஃப்ரைபெர்க்கில் நடந்ததுபோல் பிரித்துப் பார்க்கும் கைகள் இங்கும் வேண்டும். பெங்களூரின் குஜரிக் கடைக்காரர்களுக்கே அந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம். கழற்றும் நுணுக்கத்தில் பாதி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

உங்கள் மாடியில் பேனல் இருந்தால், அது வேலை நிறுத்தும் நாளில் உடைக்காமல் முழுதாக இறக்கி வையுங்கள். போட்டுத் தந்த நிறுவனத்தைக் கூப்பிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிலையத்துக்குக் கொடுங்கள். விரிசல் விழாத பேனல் மட்டுமே முழுதாகப் பயன் தரும்.