ஐப்பசி மழையும் ஏரி விராலும்

தரமணியில் குடியிருப்பவர்களுக்கு மழையைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டாம். ஐப்பசி பிறந்து நாலு நாள் அடைமழை பிடித்தால் போதும், வேளச்சேரி, பெருங்குடி, பள்ளிக்கரணை எல்லாம் ஒரே தண்ணீர்க்காடு. தண்ணீர் வந்தால் கூடவே மீனும் வரும். கால்வாய்க் கரையெல்லாம் பையன்கள் தூண்டிலோடு நிற்பார்கள். சாயங்காலம் ரோட்டோரம் பிளாஸ்டிக் வாளியில் ஜிலேபிக் கெண்டையும் விராலும் துள்ளும். விலையும் மலிவு.

சென்ற வருஷம் என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு விரால் நல்லது என்பார்கள் பெரியவர்கள். "எந்தத் தண்ணி மீனுப்பா இது?" என்று வாளிக்காரரைக் கேட்டேன். "ஏரி மீனுதாம்மா. பாருங்க, உசுரோட துள்ளுது!" என்றார். எந்த ஏரி என்று மட்டும் சொல்லவில்லை. நானும் வாங்கவில்லை.

காரணம் உண்டு, சகோதரிகளே. விராலுக்குத் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கும் சக்தி இருக்கிறது. மற்ற மீன்கள் செத்து மிதக்கிற சாக்கடைத் தண்ணீரில்கூட அது பிழைத்துக் கிடக்கும். ஆகவே, விரால் துள்ளுவது தண்ணீருக்கு நற்சாட்சி ஆகாது. நம் பக்கத்துப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி 2007-ல் காப்புக்காடு ஆனது. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. பெருமைதான். ஆனால் அதன் ஓரத்தில்தான் பல வருஷங்களாக நகரத்துக் குப்பையைக் கொட்டினார்கள், கழிவுநீரும் கலந்தது. அப்படிப்பட்ட தண்ணீரில் வளரும் மீனின் சதையில் ஈயம், பாதரசம் போன்றவை தங்கிவிடும். மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவினால் கவிச்சி போகும், ஈயம் போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இதில் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"அண்ணி, நம்ம ஊர் ஏரி ரொம்பிடுச்சு. வாங்க, நல்ல விராலா பிடிச்சுத் தரேன்" என்று கொழுந்தன் போன் செய்தார். அவருக்கு உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம். மகளுக்கு என் அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பினோம். தாம்பரம் போய் மின்சார ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து பஸ். வழியெல்லாம் நிரம்பிய ஏரிகளைப் பார்க்கவே கண் குளிர்ந்தது.

உத்திரமேரூர் என்றால் குடவோலைத் தேர்தல் கல்வெட்டு ஞாபகம் வரும். பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன் வெட்டியது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. அந்தத் தேர்தலில் ஏரியைப் பார்த்துக்கொள்ள என்றே ஆறு பேர் கொண்ட ஏரி வாரியத்தைத் தேர்ந்தெடுத்தார்களாம்! ஏரியைக் காக்க அன்றைக்கே ஆள் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

ஏரி மீனைக் குத்தகைக்கு விடுவது வழக்கம். குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் கொழுந்தன் தூண்டிலை எடுத்தார். "கண்ட இடத்துல போட்டா மாட்டாது அண்ணி. புதுத் தண்ணி எங்க வந்து விழுதோ, அங்கதான் மீன் எதிர்த்து ஏறும்" என்று வரத்துக்கால் பக்கம் கூட்டிப் போனார். கெண்டைக்குத் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்த உருண்டை. கெளுத்திக்கு மண்புழு, பொழுது சாய்ந்த பிறகு நன்றாக எடுக்குமாம். கெளுத்தியின் பக்க முள் குத்தினால் கை வீங்கி உயிர் போகிற வலி, குழந்தைகளைத் தொட விடக்கூடாது.

விராலுக்கு இடம் வேறு. கோரையும் அல்லியும் மண்டிய ஓரத்தில் அசையாமல் நிற்க வேண்டும். மூச்சு வாங்க அது மேலே வந்து 'பொளக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்த இடத்தில் சின்னத் தவளை கோத்த தூண்டிலைத் தட்டித் தட்டி இழுத்தார். அரைமணிக்குள் முழங்கை நீளத்துக்கு ஒன்று மாட்டியது.

சற்றுத் தள்ளித் தண்ணீரில் சிவப்பாக ஒரு கூட்டம் நெளிந்தது. நான் புழு என்று நினைத்தேன். "விரால் குஞ்சுங்க அண்ணி. அடியில தாயும் தகப்பனும் காவல் நிக்கும். அங்க தூண்டில் போட்டா ரெண்டும் கோபத்துல பாஞ்சு வந்து மாட்டிக்கும். ஆனா அப்புறம் குஞ்சுங்களை மத்த மீனுங்க தின்னுடும். அதனால நாங்க போடறதில்லை" என்றார். பிள்ளை பெற்றவளுக்கு மீன் தேடிப் போன எனக்கு அந்த வார்த்தை மனதைத் தொட்டது.

இரண்டு விராலை, கொஞ்சம் தண்ணீரோடு மூடி போட்ட வாளியில் எடுத்து வந்தோம். தரமணி வரை உயிரோடு வந்தன. சாம்பலும் கல் உப்பும் போட்டு வழவழப்புப் போகத் தேய்த்து, பூண்டும் மிளகும் தூக்கலாக வைத்துக் குழம்பு வைத்தேன். மகள் இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டாள்.

எல்லாராலும் உத்திரமேரூருக்குப் போக முடியாதுதான். ஆனால் செவுள் சிவப்பா, கண் பளிச்சென்று இருக்கிறதா, சதை அழுத்தினால் குழி விழாமல் இருக்கிறதா என்று பார்க்கிற நாம், கூடவே "எந்த ஏரி மீன்?" என்றும் ஒரு வார்த்தை கேட்கலாமே. பதில் சொல்லத் தயங்கினால் கூடையை நகர்த்தி விடுங்கள். அன்றைக்குப் பருப்புக் குழம்பு போதும்.