எரிந்த ஊரில் எழுந்த வீடுகள்

நோர்வேயின் வட கோடியில் ஹமர்பெஸ்ட் என்று ஒரு சிறு பட்டினம் இருக்கிறது. வடக்கே போகப் போக மரங்கள் குறைந்து, கடைசியில் பாறையும் புல்லும் கடலும் மட்டும் மிஞ்சுகிற இடம். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைவதில்லை. இரவு பதினொரு மணி வெயிலில் கலைமான்கள் றோட்டோரம் சாவகாசமாக மேய்ந்துகொண்டு போகின்றன. இந்தப் பின்மார்க் பிரதேசத்து மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்வதற்கு 1980களின் பிற்பகுதியிலிருந்து எம்மவர் பலர் போய்ச் சேர்ந்தார்கள். என் சின்னம்மாவும் அவர்களில் ஒருவர். அவர் அனுப்பிய ரிக்கற்றில் 2023 ஜூனில் நான் அங்கு போனேன்.

ஊரைச் சுற்றிப் பார்த்தபோது எனக்கு ஒரு விடயம் புதினமாக இருந்தது. ஐரோப்பா என்றால் பழைய கட்டடங்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே பழைய வீடு ஒன்றுகூட இல்லை.

"எல்லாம் எரிஞ்சு போச்சுது பிள்ளை. பிரேதம் வைக்கிற அந்தச் சின்னக் கோயில் மட்டுந்தான் மிஞ்சினது" என்றார் சின்னம்மா.

1944 ஒக்டோபரில் ஜேர்மன் படைகள் பின்வாங்கியபோது, பின்னால் வரும் சோவியத் படைக்கு ஒரு கூரையும் கிடைக்கக்கூடாது என்று ஹிட்லரின் தலைமையகத்திலிருந்து கட்டளை வந்தது. பின்மார்க்கிலும் அதை அடுத்த வட துரொம்சிலும் வீடு, மாட்டுக் கொட்டகை, பாடசாலை, வைத்தியசாலை, தந்திக் கம்பம் என்று ஒன்றையும் விடாமல் எரித்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஐம்பதினாயிரம் பேரளவில் தெற்கே இடம்பெயர்க்கப்பட்டார்கள். போக மறுத்த ஆயிரக்கணக்கானோர் அந்தப் பனிக்காலத்தைக் குகைகளிலும் புல்மண் குடில்களிலும் கழித்தார்கள்.

அந்த ஊரில் மீள் கட்டுமானத்துக்கென்றே ஓர் அரும்பொருட்சாலை இருக்கிறது. 1998 இல் திறந்தது. யுத்தம் முடிந்ததும், "கண்ணிவெடி இருக்கிறது, தங்க இடமில்லை, பொறுங்கள்" என்று அரசாங்கம் மறித்தது. சனம் கேட்கவில்லை. 1945 கோடையிலேயே திரும்பத் தொடங்கிவிட்டார்கள். கவிழ்த்த படகுக்குக் கீழே குடியிருந்தவர்கள் உண்டு. பிறகு பலகைக் கொட்டகைகள் வந்தன. மறைப்புக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். 2009 இல் செட்டிகுளத்தில் தறப்பாளுக்குள் இருந்த சகோதரிகளுக்கு அந்த மறைப்பைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

1946 இல் அரசாங்கம் வீட்டுக்கென்று ஒரு வங்கியைத் தொடங்கிக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தது. கட்டடக் கலைஞர்கள் ஒரு சில மாதிரிப் படங்களை வரைந்தார்கள். சிறிய மர வீடு, சரிந்த கூரை, அளவான சமையலறை. விரும்பியபடி கட்ட இடமில்லை. தெருவில் நடந்தால் ஒரே தாயின் பிள்ளைகள் போல வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் கவனித்துப் பார்த்தால் ஒன்றின் பின்னால் ஓர் அறை கூடியிருக்கும், இன்னொன்றில் விறாந்தை நீண்டிருக்கும். கையில் காசு வந்தபோது சேர்த்தவை.

இவை அறுத்த பலகையால் கட்டியவை. முழு மரத்தில் கட்டும் வீட்டைப் பார்க்க வேண்டுமென்று கேட்டபோது, சின்னம்மா என்னை 140 கிலோமீற்றர் தள்ளியுள்ள அல்ட்டாவுக்கு பஸ்ஸில் கூட்டிப் போனார். அங்கே ஆற்றுப் பள்ளத்தாக்கில் பைன் மரங்கள் வளர்கின்றன. சின்னம்மாவோடு முந்தி மீன் வெட்டிய ஓர் அம்மா, இப்போது பென்சன் எடுத்தவர், காட்டோரத்தில் ஓர் அறை வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் தோளளவுக்கு வந்திருந்தது.

பட்டை உரித்த மரங்களைக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் காடி வெட்டிக் கொளுவுகிறார்கள். மரத்தின் அடிப்பக்கத்தில் நீளத்துக்கு ஒரு பள்ளம் குடைந்து, இடைவெளியில் பாசியை வைத்து அமுக்குகிறார்கள். குளிர்காற்றுப் புகாது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஜன்னலுக்கு மேலே விட்டிருந்த வெளி. நாலு விரல் போகும். ஓடாவி பிழை விட்டுவிட்டாரோ என்று சின்னம்மாவைக் கொண்டு கேட்பித்தேன். அந்த அம்மா சிரித்தார். மரம் காயக் காயச் சுருங்கும், சுவரின் பாரமும் அமுக்கும், முதல் சில வருடங்களில் முழுச் சுவரும் கீழே இறங்கும். வெளி விடாவிட்டால் ஜன்னல் நெரிந்து கண்ணாடி உடையும். இறங்கப் போகிற அளவைக் கட்டும்போதே கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

பிறகு தன் கணக்குக் கொப்பியைக் காட்டினார். சாதாரண பாடசாலைக் கொப்பி. ஒரு பக்கத்தில் தள்ளிப்போட முடியாதவை: அத்திவாரம், சுவர், கூரை, அடுப்பு. எதிர்ப் பக்கத்தில் பொறுத்திருக்கக் கூடியவை: மேல் தட்டு, விறாந்தை, வர்ணம். ஒவ்வொன்றுக்கும் நேரே கேட்ட விலையும், கேட்ட திகதியும், பென்சிலால் எழுதிய உண்மைச் செலவும். அடியில் மொத்தத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைச் சுற்றிக் கோடு போட்டிருந்தார். அது தொடாத காசு. சுவருக்கான மரம் முழுச் செலவில் மூன்றில் ஒரு பங்குதானாம். நிலத்தில் ஊறிய தண்ணீர் உறைந்தால் மண்ணே வீட்டைத் தூக்கிவிடும் நாடு அது. அதனால் அத்திவாரத்துக்குத்தான் முதலில் விலை கேட்டிருக்கிறார். "சுவரை எல்லாரும் பார்ப்பினம், அதாலை எல்லாரும் சுவருக்குத்தான் விலை கேப்பினமாம்" என்று சின்னம்மா மொழிபெயர்த்தார்.

எனக்கு அந்த இடத்திலேயே வன்னி ஞாபகம் வந்துவிட்டது. 2012க்குப் பிறகு ஐந்தரை இலட்சம் ரூபா மானியத்தில் 550 சதுர அடி வீடுகள் கட்டப்பட்ட காலத்தில், அத்திவாரக் கயிறு பிடிக்கும் அன்றுதான் பலருடைய திட்டம் மாறியது. "ஒருக்காத்தானே கட்டுறம், ஒரு அறையைக் கூட்டுவம்" என்பார் தம்பி அல்லது மச்சான். அறை கூடியது. மானியம் கூடவில்லை. தோடு அடைவுக்குப் போனது. பிறகு கிழமைக்கிழமை கடன் அறவிடுபவர் படலையில் வந்து நின்றார். கணவரை இழந்த பெண்ணின் வீட்டில் இந்தச் சுமை முழுக்க அவள் தலையில்தான். கயிறு பிடித்தவர்கள் அப்போது வரமாட்டார்கள்.

மர வீடு நமக்குச் சரிவருமா என்று கேட்கலாம். வராது. கறையான் சுவரைத் தின்றுவிடும். நமது பனை கூரைக்குத்தான் நல்லது. முற்றிய பனையின் வைரம் பாய்ந்த சிலாகை தலைமுறைகளுக்கு நிற்கும். இன்று பனை தறிக்க அனுமதி எடுக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் என்றால் மழைக்கு வீங்கி வெயிலுக்கு வெடிக்கும். அங்கே அத்திவாரச் செலவு மணல் தறைக் காணியைவிடக் கூடும். அயல் கிராமத்துக் கணக்கைப் பார்த்து எழுதினால் பிழைக்கும். விலை கேட்ட திகதியை எழுதுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் போதும். 2021 நடுப்பகுதியில் ஆயிரம் ரூபா அளவில் இருந்த ஒரு பை சீமெந்து, 2022 இல் மூவாயிரம் ரூபா வரை போனது.

புறப்படும்போது அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். மரத்துக்கு மரம் இலக்கம் போட்டுக் கழற்றினால் இந்த வீட்டை வேறு இடத்தில் அப்படியே பூட்டலாமாம். முந்தி வீட்டை விற்றால் இப்படித்தான் ஏற்றிப் போவார்களாம். 2008 இல் எங்கள் சனமும் ஓடு கழற்றி, நிலை கதவு கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனது என்று சின்னம்மா அவருக்குச் சொன்னார். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் இரண்டாம் முறையும் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்தார்.

2024 தை மாதம் கிளிநொச்சியில் பெண்கள் குழு ஒன்றோடு அதே மாதிரிக் கொப்பி போட்டோம். இரண்டு பிள்ளைகளின் தாயான ஒரு சகோதரி, முதல் பக்கத்தில் எழுதியிருந்த போட்டிக்கோவை வெட்டி எதிர்ப் பக்கத்துக்கு மாற்றினார். மலசலகூடத்தை அத்திவாரத்துக்கு மேலே கொண்டுவந்தார். மேசனோடு பேசிய கூலியை வேலை வேலையாகப் பிரித்தார். அத்திவாரம் முடிய இவ்வளவு, சுவர் ஜன்னல் தலைக்கு வர இவ்வளவு, கூரை ஏற இவ்வளவு. கொப்பியில் மேசனிடம் கையெழுத்தும் வாங்கினார். கயிறு பிடித்த அன்று தமையன் வந்து, "இன்னும் நாலு அடி தள்ளிப் பிடியுங்கோ" என்றிருக்கிறார். "அண்ணை, அந்த நாலு அடிக்கு எவ்வளவெண்டு இதிலை எழுதித் தாங்கோ" என்று கொப்பியை நீட்டினாராம். கயிறு இருந்த இடத்திலேயே நின்றது.