குப்பை ஆவதற்கு முன் இருந்த பெயர்கள்

தமிழ்நாட்டுக் குப்பைத் தொட்டிகளின்மேல் ‘மக்கும் குப்பை’, ‘மக்காத குப்பை’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தில்லியில் அவை ‘கீலா கூடா’, ‘சூக்கா கூடா’. அதாவது ஈரக் குப்பை, உலர் குப்பை. தமிழ் வகைப்பாடு ஒரு பொருள் நாளடைவில் என்னவாகும் என்று கேட்கிறது. இந்தி வகைப்பாடு அது இப்போது எந்நிலையில் இருக்கிறது என்று பார்க்கிறது. மொழியியல் மாணவனாகிய எனக்கு இது முதலில் ஒரு சொற்பொருளியல் ஆர்வம் மட்டுமே. உயிரி எரிவாயுவைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகு, ஓர் ஆலை ஓடுவதும் முடங்குவதும்கூட இத்தகைய பெயரிடுதலைப் பொறுத்தவை என்று கருதுகிறேன்.

என் முனைவர் பட்ட ஆய்வின் களம் தெற்கு தில்லியின் ஐ.என்.ஏ. மார்க்கெட். வாழையிலை, முருங்கைக்காய், கடல்மீன் தேடி வரும் மலையாளிகளும் தமிழர்களும், ஆற்றுமீனுக்கு வரும் வங்காளிகளும் அங்கே ஒரே சந்துக்குள் நெருக்கியடிப்பார்கள். ஒரே மீன் வாங்குபவரின் முகத்தைப் பொறுத்து வஞ்சிரம் ஆகும், நெய்மீன் ஆகும், சுர்மயி ஆகும். மீனின் உறுப்புப் பெயர்களை நான் குறித்துக்கொண்டிருந்தபோது, மீன் வெட்டும் தமிழர் ஒருவர் சொன்னார்: “தலைக்கு ஆள் வரும் தம்பி. சினைக்கு ஆள் வரும். செதிலுக்கும் குடலுக்கும் யாரு வருவா? அதெல்லாம் குப்பை.”

அவர் சொன்னது வணிகம் மட்டுமன்று. சொற்பொருள் மாற்றத்திற்கான விளக்கமும்கூட. வாங்க ஆள் இருக்கும் வரை ஒரு பொருளுக்குத் தனிப்பெயர் உண்டு. ஆள் இல்லாதபோது அது குப்பை. சங்க இலக்கியத்தில் ‘குப்பை’ என்றால் குவியல். உப்புக் குவியலையும் அச்சொல் குறித்தது. இழிபொருள் பின்னால் வந்து சேர்ந்தது. ஆனால், பலவற்றை ஒன்றாகக் கொட்டிப் பெயரழிக்கும் தன்மை இன்றைய பொருளிலும் தங்கிவிட்டது.

எரிவாயுக் கலனுக்கோ, அழிந்த அந்தப் பெயர்கள் அனைத்தும் தேவை. காற்றில்லாத கலனுக்குள் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைப் படிப்படியாகச் சிதைத்து, இறுதியில் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவைத் தருகின்றன. அவற்றுக்குக் கரியும் நைட்ரஜனும் ஏறத்தாழ 20-க்கு 1 முதல் 30-க்கு 1 என்ற விகிதத்தில் வேண்டும். மீன்குடல் மட்டும் சென்றால் நைட்ரஜன் மிகுந்து, அமோனியா பெருகி, மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் ஒடுங்கும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்களின் எண்ணெயும் அளவு மீறினால் அவற்றைத் தடுக்கும். தேங்காய் ஓடு ‘மக்கும் குப்பை’தான்; ஆனால் அதிலுள்ள லிக்னின் காற்றில்லாக் கலனில் எளிதில் சிதையாது. வைக்கோல் உலர்ந்தது, ஆயினும் பக்குவப்படுத்தினால் நல்ல தீனி. மீன்நீர் சொட்டும் பிளாஸ்டிக் பை ஈரமானது. ஆனால் கலனுக்குக் கேடு. ஆக, தமிழ்ச் சொற்களும் போதவில்லை, இந்திச் சொற்களும் போதவில்லை.

இந்தியாவில் இத்தொழில்நுட்பத்தின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1930களின் இறுதியில் தில்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். வி. தேசாய் சாண எரிவாயு ஆய்வுகளைத் தொடங்கினார். 1950களில் ஜஷ்பாய் படேல் மிதக்கும் மூடியுள்ள கலனை வடிவமைத்தார்; காதி கிராமத் தொழில் ஆணையம் அதைப் பரப்பியது. சாணம் ஒரே பெயருள்ள தீனி. தேவையான நுண்ணுயிர்களையும் அது தானே கொண்டுவருகிறது. பிரிக்கும் வேலையை மாடு முடித்துத் தந்துவிடுகிறது.

நகரத்தில் அந்த வேலையை மனிதர் செய்ய வேண்டும். இந்தூரில் 2022 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவிலிருந்து ஏறத்தாழ 17,000 கிலோ வாயு தரும் திறனுடையது. அந்த எண்களைப் போற்றுவோர், குப்பையை வீட்டு வாசலிலேயே ஆறு வகையாகப் பிரித்து வாங்கும் அந்நகரின் பழக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வயலிலும் பெயரே விலையைச் சுட்டுகிறது. தஞ்சையில் வைக்கோல் மாட்டுத்தீவனம். போர் போட்டுக் காப்பார்கள். பஞ்சாபில் கோதுமைத் தாளே தீவனம். நெல்லின் தாளாகிய ‘பராளி’ பல வயல்களில் எரிக்கப்பட்டு, குளிர்காலத் தொடக்கத்தில் புகையாகத் தில்லிக்கு வருகிறது. சங்ரூர் மாவட்டம் லெஹ்ராகாகாவில் 2022 அக்டோபரில் திறக்கப்பட்ட ஆலை நாளொன்றுக்கு 300 டன் நெல்வைக்கோலிலிருந்து 33 டன் வாயு தயாரிப்பதற்காக அமைக்கப்பட்டது. பராளிக்கும் ‘ஆள்’ வந்திருக்கிறது. இதன் எதிர்த்துருவம் ஜெர்மனி. அங்கே வாயுவுக்கென்றே மக்காச்சோளம் பயிரிட்டு, அது நிலமெங்கும் பரவியபோது, 2012-இல் ஆலைத் தீனியில் அதன் பங்குக்குச் சட்டம் 60 விழுக்காடு என்று வரம்பிட்டது. ஆள் அளவுக்கு மீறி வந்தாலும் ஆபத்துதான்.

கடற்பாசியை இவ்விரண்டிற்கும் இடையில் வைக்கலாம். லிக்னின் மிகக் குறைவாதலால் எளிதில் சிதையும். உப்பும் கந்தகமும் தொல்லை தரும். மண்டபம் கரையில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசிக்குக் கராஜீனன் என்னும் கூழ்மப் பொருளுக்காக ஏற்கெனவே விலை உண்டு. அதை வாயுவாக்குவது வீண். பிழிந்தபின் எஞ்சும் சக்கையைக் கலனுக்கு அனுப்பலாம். 2011 முதல் கரீபியன் கரைகளில் மலையாய் ஒதுங்கும் சர்காசம் பாசிக்கு நிலைமை வேறு. அதை அகற்றுவதே செலவு. பார்படோஸில் ரம் வடிப்பாலைக் கழிவுநீரோடு அதைச் சேர்த்து வாகன எரிவாயு எடுக்க ஆய்வாளர்கள் முயல்கிறார்கள்.

பெயரிழந்த குவியல் என்ன செய்யும் என்பதைத் தில்லி அறியும். 2017 செப்டம்பரில் காஜிப்பூர் குப்பைமலை சரிந்து இருவர் இறந்தனர். அதே மலை பலமுறை தீப்பற்றியதற்கு உள்ளே ஊறும் மீத்தேனும் ஒரு காரணம். நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்கும் அதே வாயு, கலனுக்குள் இருந்திருந்தால் அடுப்பெரித்திருக்கும்.

பொறியியல் துறை நண்பர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு சந்தைக்கு ஆலை திட்டமிடும்போது கழிவின் எடையோடு, அங்கே வெட்டுவோரும் கூட்டுவோரும் அதைப் பிரித்தழைக்கும் சொற்களையும் கேட்டெழுதுங்கள். செதில், செவுள், மட்டை, நார், தோகை என்று அவர்கள் கையும் வாயும் நாள்தோறும் பிரிப்பதையே நாம் ஆய்வகத்தில் மீண்டும் பிரிக்கிறோம். அவர்கள் பிரித்துத் தருவதற்குக் கூலியும் கையுறையும் திட்டச் செலவிலேயே சேரட்டும். உங்கள் ஊர்ச் சந்தைகளில் கழிவுக்கு வழங்கும் தனிப்பெயர்கள் தெரிந்தவர்கள் கீழே பதியுங்கள். எந்த ஊர், யார் வழங்கும் சொல் என்பதையும் குறிப்பிட்டால் என் தொகுப்புக்கு உதவும்.