அலை ஏன் உடைந்தது?

கணினி வரைந்த கோடு பிழைபடாது என்னும் நம்பிக்கை மாணவர்களிடம் மட்டுமன்று, பெற்றோர்களாகிய நம்மிடமும் வேரூன்றியுள்ளது.

பொறியியல் பயிலும் என் அண்ணன் மகள் அண்மையில் சிமுலிங்க் மென்பொருளில் தொடக்கப் பயிற்சியொன்றைச் செய்துகொண்டிருந்தாள். கட்டங்கள் இரண்டே: சைன் அலையை உண்டாக்குவது ஒன்று, அதனைத் திரையில் காட்டும் ஸ்கோப் மற்றொன்று. அம்புக்கோட்டால் இணைத்து ஓடவிட்டாள். 10 நொடிக்கு அழகிய அலை. ஓட்ட நேரத்தை 100 நொடியாக்கியதும் அதுவே இரம்பப் பற்களாயிற்று.

"நேரம் போகப் போக அலை கெட்டுவிடுகிறது, அத்தை" என்றாள். அதையே அறிக்கையிலும் எழுதப் போகிறாளாம்.

"முதல் 10 நொடியை மறுபடியும் பாரம்மா. இப்பொழுது அதுவும் உடைந்துதானே இருக்கிறது?" என்றேன்.

கெட்டது அலையன்று. நாம் எதையும் மாற்றாவிடில், இம்மென்பொருள் மொத்த நேரத்தை 50 பகுதிகளாக்கி, அந்தந்தப் புள்ளியில் மட்டும் கணக்கிட்டு, இடையில் நேர்க்கோடு இழுக்கிறது. 10 நொடிக்கு 0.2 நொடிக்கொரு புள்ளி. 100 நொடிக்கு 2 நொடிக்கொரு புள்ளி. ஓர் அலைக்கோ ஏறத்தாழ 6.28 நொடி. மூன்று புள்ளிகளைக் கொண்டு வளைவை வரைய யாரால் இயலும்? படியின் உச்ச அளவை 0.1 என இட்டவுடன் அலை மீண்டது.

என் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் சுடுநீர் ஆறுவதை வெப்பமானியால் அளக்கிறார்கள். நிமிடத்திற்கொரு முறை அளந்த குழுவின் கோட்டையும் 10 நிமிடத்திற்கொரு முறை அளந்த குழுவின் கோட்டையும் இப்பொழுது அருகருகே ஒட்டிவைக்கிறேன். எது நீரின் கதை என்று அவர்களே வாதிடுகிறார்கள்.